எம்.டி மைக்ரோபயாலஜிக்குக் குறுக்கே நிற்காதீர்கள்

மகள் ஹவுஸ் சர்ஜன் முடிக்கும் தறுவாயில் இருக்கிறாள். நீட் பி.ஜி ரேங்க் வந்துவிட்டது. அந்த ரேங்குக்கு அரசுக் கல்லூரியில் ரேடியாலஜி கிடைக்காது, எம்.டி மைக்ரோபயாலஜி (நுண்ணுயிரியல்) கிடைக்கும். அவள் கேட்பதும் அதைத்தான். தொற்றுநோய்களிலும் குடல் பாக்டீரியாக்களிலும் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்கிறாள். வீட்டை அடமானம் வைத்தாவது நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் ரேடியாலஜி சீட் வாங்கிவிடுங்கள், பிறகு ஸ்கேன் சென்டர் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் தாய்மாமன். “எம்.பி.பி.எஸ் படிச்சுட்டு மலம் டெஸ்ட் பண்ற வேலையா?” என்று அத்தை கேட்டுவிட்டார். அந்தப் பேச்சிலிருந்து உங்கள் மனைவிக்குத் தூக்கம் இல்லை. “நாங்கள் என்ன செய்வது?” என்று எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் பயம் நியாயமானது ஐயா. இருபது வருடமாக மகளைப் படிக்கவைத்த பெற்றோருக்கு அந்தப் பயம் வரத்தான் செய்யும். ஆனால் இந்த விஷயத்தில் உங்கள் மகள் சொல்வதே சரி. மாமா சொல்லும் வழியில் போனால் உங்கள் குடும்பம் கடனில் மாட்டும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். நிர்வாக ஒதுக்கீட்டில் ரேடியாலஜிக்கு மூன்று வருடமும் சேர்ந்து ஆகும் செலவு சில இடங்களில் கோடியை நெருங்கும். 80 லட்சம் கடன் வாங்குகிறீர்கள், வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு வட்டி மட்டுமே 8 லட்சத்து 80 ஆயிரம், அதாவது மாதம் 73 ஆயிரத்துக்கு மேல். அசலில் ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்காது. படித்து முடித்து அவள் வேலைக்குப் போகும் முதல் நாளிலேயே அந்தச் சுமை அவள் தலையில் இருக்கும். ஸ்கேன் சென்டர் போட இன்னொரு கடன் வேண்டும். உங்கள் ஓய்வுக் காலத்துக்கு மிச்சம் இருப்பது அந்த வீடு ஒன்றுதான். அதை அடமானம் வைக்காதீர்கள். மகள் ரேடியாலஜிதான் வேண்டும் என்று அழுதிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். அவள் கேட்காத ஒன்றுக்காக வீட்டை வைப்பதை என்னால் எந்த விதத்திலும் ஏற்க முடியாது.

ரேடியாலஜி, தோல் மருத்துவம், வெளிநாட்டுத் தேர்வுகள் பற்றியெல்லாம் உறவினர்கள் போதுமான அளவு சொல்லியிருப்பார்கள். எம்.டி மைக்ரோபயாலஜி என்றால் என்ன என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. ‘நான்-கிளினிக்கல்’ (நோயாளிகளுக்கு நேரடியாகச் சிகிச்சை தராத துறை) என்ற ஒற்றை வார்த்தையோடு அதை ஒதுக்கிவிடுகிறார்கள்.

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி பேராசிரியராக இருந்தவர் டாக்டர் சுனிதி சாலமன். எச்.ஐ.வி மேலை நாட்டு நோய், இங்கே வராது என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த நேரம் அது. தன் மாணவி நிர்மலாவிடம் அதையே எம்.டி ஆய்வேட்டுக்குத் தலைப்பாக எடுக்கச் சொன்னார். நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்தார், வேலூர் சி.எம்.சி-யில் பரிசோதனை நடந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி இருக்கிறது என்பது முதன்முதலாகத் தெரியவந்தது அந்த ஆய்வேட்டின் மூலம்தான். உங்கள் மகள் கேட்கும் அதே துறையில், அதே பட்டத்துக்காக ஒரு மாணவி செய்த வேலை அது.

இனி அந்த மூன்று வருடத்தில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை, ஒட்டுண்ணி, காசநோய், சீராலஜி (ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள்களைத் தேடும் சோதனை) என்று ஆய்வகத்தின் ஒவ்வொரு பிரிவிலும் மாறி மாறி வேலை. வார்டிலிருந்து வரும் ரத்தம், சிறுநீர், சளி, மலம் எல்லாவற்றையும் கல்ச்சர் போட்டு, அதாவது அதிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்த்து, எந்தக் கிருமி, எந்த ஆன்டிபயாட்டிக் அதைக் கொல்லும், எது கொல்லாது என்று சொல்ல வேண்டும். ஐ.சி.யூ நோயாளியின் ரத்தக் கல்ச்சர் பாசிட்டிவ் என்றால், அறிக்கை தட்டச்சாகும் வரை காத்திருக்காமல் வார்டு மருத்துவரை உடனே கூப்பிட்டுச் சொல்ல வேண்டியது மைக்ரோபயாலஜி மருத்துவர்தான். மருத்துவமனைத் தொற்றுத் தடுப்புக் குழுவில் அவருக்கு இடம் உண்டு. ஆபரேஷன் தியேட்டரில் திடீரென்று தொற்று பரவினால் எங்கிருந்து வந்தது என்று துப்புத் துலக்குவதும் அவர் வேலை. இத்தனைக்கும் மேல், ஆய்வேடு சமர்ப்பிக்காமல் எம்.டி கிடையாது. ஆராய்ச்சிக்கு முதல் பயிற்சி அங்கேயே கிடைத்துவிடுகிறது.

குடல் பாக்டீரியா இதில் எங்கே வருகிறது? மருந்துக்குக் கட்டுப்படாத கிளெப்சியெல்லா போன்ற கிருமிகள் பல நோயாளிகளில் முதலில் குடலில்தான் குடியேறுகின்றன. உடம்பு தளரும்போது அங்கிருந்து ரத்தத்துக்குப் போகின்றன. யாருடைய குடலில் அவை தங்குகின்றன, எந்த ஆன்டிபயாட்டிக் அவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது என்பவை பெரிய ஆராய்ச்சிக் கேள்விகள். வார்டும் ஆய்வகமும் ஒரே வளாகத்தில் இருக்கும் மருத்துவருக்கு அந்தக் கேள்விகள் கண்முன்னே நிற்கும். மகள் எம்.பி.பி.எஸ் படிக்கும்போதே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டத்தில் இதை ஒட்டியே இரண்டு மாதம் வேலை செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். அறிக்கை ஏற்கப்பட்டால்தான் அந்தத் திட்டத்தில் உதவித்தொகையும் சான்றிதழும் கிடைக்கும். அதை அவள் வாங்கியிருக்கிறாள். இந்த ஆசை நேற்று முளைத்ததில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அத்தையின் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் மனைவியை வருத்தியது அதுதான். காலராவுக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல் உயிரைக் காப்பாற்றும், ஆனால் வயிற்றுப்போக்கின் அளவைப் பெரிதாகக் குறைக்காது. வேலூர் சி.எம்.சி-யின் குடல்நோய் மருத்துவர் பி.எஸ்.ராமகிருஷ்ணாவும் குழுவினரும் அந்தக் கரைசலில் எளிதில் செரிக்காத ஒரு வகை மாவுச்சத்தைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுகுடலில் செரிக்காமல் அது பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்துக் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அந்த அமிலங்களின் துணையோடு பெருங்குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சிக்கொள்கிறது. மலத்தின் அளவு குறைந்தது, நோயாளிகள் சீக்கிரம் தேறினார்கள். 2000-ம் ஆண்டு ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழ் அதை வெளியிட்டது. நோயாளியின் மலத்தை அளந்து, சோதித்துத்தான் இந்த உண்மை தெரியவந்தது.

அதே இதழில் 2013-ல் வந்த நெதர்லாந்து ஆய்வு இன்னும் தெளிவானது. ஆன்டிபயாட்டிக்கால் குடல் பாக்டீரியாக்கள் அழிந்து, கடும் வயிற்றுப்போக்கைத் தரும் குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் தொற்று திரும்பத் திரும்ப வந்த நோயாளிகளுக்கு, ஆரோக்கியமானவர்களின் மலத்திலிருந்து தயாரித்த கரைசலைக் குடலுக்குள் செலுத்தினார்கள். 16 பேரில் 13 பேர் ஒரே முறையில் குணமானார்கள். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்த 13 பேரில் குணமானவர்கள் 4 பேர்தான். அத்தையிடம் வாதாட வேண்டாம், இந்த எண்களை உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்.

சம்பாத்தியத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ரேடியாலஜி மருத்துவர் அளவுக்கு இவள் சம்பாதிக்க மாட்டாள். மாலையில் கிளினிக் வைத்துக் கூட்டம் பார்க்கும் வாழ்க்கையும் இருக்காது. ஆனால் வேலையில்லாமல் நிற்கவும் மாட்டாள். ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் மைக்ரோபயாலஜி துறை இருந்தாக வேண்டும். தரச்சான்று வாங்கும் ஆய்வகங்களுக்கும் பெரிய மருத்துவமனைகளுக்கும் இந்தப் பட்டம் பெற்றவர் தேவை. எம்.டிக்குப் பின் சீனியர் ரெசிடென்ட், அடுத்து உதவிப் பேராசிரியர் என்று சம்பளத்தோடு போய்க்கொண்டே பிஎச்.டி-க்குப் பதிவு செய்யலாம். முழுநேர பிஎச்.டி என்றால் 2023 முதல் மத்திய அரசின் ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. எம்.டி முடித்த ஒருவருக்கு இது குறைவுதான். கடன் இல்லாத வீட்டில் இருந்தால் இந்தப் பணத்தில் சமாளிக்கலாம், 73 ஆயிரம் வட்டி கட்டிக்கொண்டு முடியவே முடியாது. சென்னையில் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் இருக்கின்றன, வேலூர் இருக்கிறது. இந்தியா அலையன்ஸ் அமைப்பு, ஆராய்ச்சிக்கு வரும் மருத்துவர்களுக்கென்றே தனியாக நிதி வைத்திருக்கிறது.

புள்ளியியலையும் ஆய்வு முறைகளையும் இப்போதிருந்தே அவள் பழகட்டும். தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் அடிப்படை ஆய்வுமுறைப் பாடத்தை என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் இலவசமாகக் கேட்கலாம். எம்.டி மாணவர்கள் எப்படியும் அதை முடித்தாக வேண்டும். குடல் நுண்ணுயிர் என்ற பெயரில் லட்சங்கள் கேட்கும் சான்றிதழ் வகுப்பு எதிலும் சேர வேண்டாம்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவளை உட்காரவைத்துக் கேளுங்கள். வார்டில் தன் பெயரில் நோயாளிகள் வேண்டும் என்று அவள் மனம் சொல்கிறதா? அப்படியென்றால் எம்.டி பொது மருத்துவம் முடித்து டி.எம் என்ற அடுத்தகட்ட உயர்சிறப்புப் படிப்பில் தொற்றுநோய்ப் பிரிவுக்குப் போவதே அவளுக்கு ஏற்ற வழி. அதற்காக இன்னொரு வருடம் நீட் எழுத நேர்ந்தாலும் பரவாயில்லை. ஆய்வக மேஜையும் வார்டிலிருந்து வரும் கேள்வியும் போதும் என்றால் மைக்ரோபயாலஜிதான். பதிலை அவள் சொல்லட்டும், நீங்கள் எடுத்துக்கொடுக்காதீர்கள்.

கலந்தாய்வில் கல்லூரி விருப்பப் பட்டியலை நிரப்புவதற்கு முன் நான்கைந்து அரசுக் கல்லூரிகளில் இப்போது எம்.டி படிக்கும் மாணவர்களிடம் அவளைப் பேசச் சொல்லுங்கள். ஆக்சிஜன் பட்டால் குடல் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை செத்துவிடும், எனவே காற்றில்லாக் கல்ச்சர் வசதி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஐ.சி.எம்.ஆரின் வைரஸ் ஆய்வகம் அந்த வளாகத்தில் இருக்கிறதா, ஆய்வேட்டுக்கு வழிகாட்டும் பேராசிரியர் மாணவர்களை வார்டுக்கு அனுப்புகிறாரா, கடந்த மூன்று வருட ஆய்வேடுகளில் எத்தனை கட்டுரையாக வெளிவந்தன என்பதையும் விசாரிக்கட்டும். அந்தப் பதில்களை வைத்து அவளே கல்லூரிகளை வரிசைப்படுத்தட்டும். மாமாவுக்கு நீங்கள் போன் செய்து, அடமானப் பேச்சு இனி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.