அண்ணனின் மாத்திரையும் பெங்களூர் எண்ணெயும்

கேள்வி: டாக்டரம்மா, என் அண்ணனுக்கு 2018-ல் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அன்று முதல் ஜி.எச்.சில் இருக்கும் கூட்டு மருந்து மையத்தில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறான். போன முறை எடுத்த வைரல் லோடில் ‘டார்கெட் நாட் டிடெக்டெட்’, அதாவது ரத்தத்தில் வைரஸ் தென்படவில்லை என்று வந்தது. இப்போது எங்கள் சித்தப்பா மகன் பெங்களூரிலிருந்து ஒரு குப்பி கஞ்சா எண்ணெய் கொண்டுவந்து, “இதிலுள்ள சத்து கிருமியையே கொன்றுவிடும், அமெரிக்காவில் குரங்குக்குக் கொடுத்து நிரூபித்துவிட்டார்கள், மாத்திரையை நிறுத்து” என்கிறான். அண்ணனும் தடுமாறுகிறான். இது நிஜமா? – பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: தம்பி, இன்று ராத்திரி மாத்திரை போட்டாயா என்று அண்ணனிடம் கேட்டுவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

அந்தக் குரங்குக் கதை பொய்யில்லை. பொய்யாக இருந்தால் ஒரு வரியில் முடித்திருப்பேன். அமெரிக்காவில் லூசியானா மாநில ஆராய்ச்சியாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வு அது. நம் கோயில் மண்டபத்தில் தேங்காய் பறிக்கும் குரங்கல்ல, வடக்கே திரியும் ரீசஸ் இனம். கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி. என்ற பொருளைத் தினமும் ஊசியாகப் போட்டார்கள். நான்கு வாரம் கழித்து, எச்.ஐ.வி.க்குப் பங்காளியான எஸ்.ஐ.வி. என்ற குரங்கு வைரஸை ஏற்றினார்கள். ஊசியும் தொடர்ந்தது. ஊசி போட்ட குரங்குகளில் சீக்கிரம் செத்தவை குறைவு, வைரஸ் அளவும் குறைவு. ஆனால் அவை எல்லாம் ஆண் குரங்குகள். பிறகு பெண் குரங்குகளிடம் செய்து பார்த்தபோது அந்தப் பலன் தெரியவில்லை. உங்கள் சித்தப்பா மகன் முதல் பாதியோடு நிறுத்திவிட்டார். வைரஸ் உள்ளே போவதற்கு ஒரு மாதம் முன்பே மருந்து தொடங்கியது என்பதையும் விட்டுவிட்டார். அண்ணனுக்கு அந்த ஒரு மாதத்தை யார் திருப்பித் தருவது?

எலிக் கதை ஒன்றும் உண்டு, அதை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை. மனித ரத்த அணுக்களை ஏற்றிய எலிகளுக்கு எச்.ஐ.வி. கொடுத்து, கூடவே டி.எச்.சி.யும் கொடுத்தார்கள். கலிபோர்னியாவில் நடந்து 2005-ல் வெளிவந்தது. வைரஸ் 50 மடங்கு ஏறியது. ஒரே பொருள் குரங்கில் ஒரு பக்கமும் எலியில் இன்னொரு பக்கமும் இழுக்கிறது. அதனால்தான் ஆய்வுச் செய்தி படித்த கையோடு மாத்திரைப் பெட்டியைத் தொடாதே என்று என் பேஷன்ட்களைத் திட்டுவேன்.

ஏன் இப்படி என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம் நோய் எதிர்ப்பு அணுக்களின் மேல் சி.பி.2 என்ற பூட்டு இருக்கிறது. கஞ்சாப் பொருள்கள் அதில் சாவிபோல் பொருந்தி அணுக்களின் ஆவேசத்தைத் தணிக்கும். எச்.ஐ.வி. சிடி4 என்ற எதிர்ப்பு அணுவுக்குள் நுழைய முதலில் அதன் மேலிருக்கும் சிடி4 புரதத்தைப் பிடிக்கும், பிறகு சி.சி.ஆர்.5 அல்லது சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்று இன்னொரு கதவு வேண்டும். சி.பி.2-ஐத் தூண்டினால் சி.எக்ஸ்.சி.ஆர்.4 வழியாக நுழையும் வைரஸ் குறைகிறது என்று நியூயார்க்கில் கண்டார்கள் (2012). நடந்தது கண்ணாடித் தட்டில், பயன்படுத்தியது லேபில் செய்த வேதிப்பொருள்களை. தொற்று புதிதாக ஒட்டும்போது வைரஸ் பெரும்பாலும் முதல் கதவான சி.சி.ஆர்.5 வழியாகத்தான் வருகிறது. நல்ல ஆய்வு, எனக்குப் பிடித்த ஆய்வும்கூட. ஆனால் அது மருந்தல்ல.

மனிதர்களிடம் பார்த்தார்களா என்று கேட்பீர்கள். பார்த்தார்கள், அதற்குள் படாத பாடு பட்டார்கள். 1990-களின் தொடக்கத்தில் சான்பிரான்சிஸ்கோவில் எய்ட்ஸ் வந்தவர்கள் சோறு இறங்காமல் எலும்பும் தோலுமாகக் கிடந்தார்கள். கூட்டு மருந்து இன்னும் வரவில்லை. மேரி ராத்பன் என்ற எழுபது வயது மூதாட்டி, கஞ்சா கலந்த சாக்லேட் கேக் சுட்டு, ஆஸ்பத்திரியில் கிடந்த பையன்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். ‘பிரவுனி மேரி’ என்றே பேர். 1992-ல் போலீஸ் பிடித்தது, அதே ஆண்டு ஆகஸ்டில் நகரசபை அவர் பெயரில் ஒரு நாளையே அறிவித்தது! டி.எச்.சி.யைச் செயற்கையாகச் செய்த டிரோனாபினால் மாத்திரையை எய்ட்ஸ் மெலிவுக்கு அமெரிக்க அரசு அனுமதித்ததும் அதே 1992-ல்தான். பசிக்காக, கிருமிக்காக அல்ல.

அந்த ஊர் டாக்டர் டொனால்ட் ஏப்ரம்ஸ், கஞ்சா இவர்களுக்கு நல்லது செய்கிறதா என்று சோதிக்க அனுமதி கேட்டு வருடக்கணக்கில் அலைந்தார், கிடைக்கவில்லை. எச்.ஐ.வி. மாத்திரையோடு சேர்ந்தால் கெடுதல் செய்கிறதா என்று கேள்வியை மாற்றினார், உடனே கதவு திறந்தது. 67 பேர், 21 நாள். சிலருக்குக் கஞ்சாப் புகை, சிலருக்கு டிரோனாபினால், சிலருக்கு மருந்தில்லாத டம்மி மாத்திரை. 2003-ல் முடிவு வந்தது: வைரஸ் ஏறவில்லை, கஞ்சா பெற்றவர்களுக்கு எடை கூடுதலாக ஏறியது. அத்தனை பேரும் எச்.ஐ.வி. மாத்திரையை விடாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தக் கடைசி வாக்கியத்தை அண்ணனுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டுங்கள்.

‘நாட் டிடெக்டெட்’ என்றால் வைரஸ் செத்துவிட்டது என்று பொருளில்லை. சில அணுக்களுக்குள் போர்த்திப் படுத்திருக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் ரத்தத்தில் திரும்பத் தலைகாட்டும். என்னிடம் ஒருவர், வேறொரு ‘எண்ணெய்’தான், ஐந்து மாதம் குடித்துவிட்டு வாயெல்லாம் வெள்ளைப் பூஞ்சையோடு வந்து உட்கார்ந்தார். திட்ட மனசு வரவில்லை.

குப்பியில் என்ன இருக்கிறதென்று விற்றவருக்கே தெரியுமா என்பது சந்தேகம். கஞ்சாவிலுள்ள போதை தராத பொருளான சி.பி.டி. என்று சொல்லி விற்றாலும், அதிக அளவில் அது ஈரலைச் சோதிக்கும். அண்ணன் ஏற்கெனவே குடித்திருந்தால் மையத்து டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். 2017-ல் வந்த எச்.ஐ.வி. சட்டம் அவருடைய நிலையை வெளியே சொல்லக் கூடாது என்கிறது.

கேள்வி: 2005-லிருந்து எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடுகிறேன். பாதம் தீயாய் எரிகிறது. கஞ்சா புகைத்தால் எரிச்சல் போகும் என்கிறார் கூட வேலை பார்ப்பவர். – ஒரு வாசகர், சேலம்

பதில்: ஐயா, உங்கள் கேள்வி என்னை அந்தக் காலத்துக்கே கொண்டுபோய்விட்டது. 2004 ஏப்ரலில் அரசு இலவசமாக மருந்து கொடுக்க ஆரம்பித்தபோது தாம்பரம் சானடோரியமும் முதல் மையங்களில் ஒன்று. அன்றைய மாத்திரையில் ஸ்டாவுடின் இருந்தது. உயிரைக் காப்பாற்றியது, கால் நரம்பைத் தின்றது. வைரஸும் தன் பங்குக்கு நரம்பைக் கெடுக்கும். மதியானத்தில் வார்டு சிமெண்டுத் தரையில் தண்ணீர் ஊற்றி அதன்மேல் நிற்பார்கள். ஓர் ஆட்டோ டிரைவர், “ஒரு இழுப்பு இழுத்தாத்தாம்மா தூக்கமே வருது” என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். சொல்லவே அவருக்கு இரண்டு வருஷம் ஆனது.

அவர் பொய் சொல்லவில்லை. அதே ஏப்ரம்ஸ் 2007-ல், எச்.ஐ.வி. நரம்பு வலியுள்ள 50 பேரிடம் ஐந்து நாள் சோதித்தார். கஞ்சா புகைத்தவர்களின் வலி 34 சதவீதம் குறைந்தது, டி.எச்.சி. நீக்கிய சுருட்டு புகைத்தவர்களுக்கு 17. ஆக, வலிக்குப் பலன் உண்டு. ஆனால் நம் நாட்டில் 1985-ம் வருடச் சட்டப்படி கஞ்சாப் பூ குற்றம், டி.எச்.சி. எத்தனை என்று பொட்டலத்தில் யாரும் எழுதித் தருவதில்லை. நீங்கள் ரிடோனாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து கலந்த மாத்திரைக்கு மாறியிருந்தால், டி.எச்.சி.யைக் கரைக்கும் ஈரல் நொதியை அது அடக்கிவிடும், போதை எதிர்பாராமல் தூக்கியடிக்கும். முதலில் ரத்தத்தில் சர்க்கரையும் வைட்டமின் பி12-ம் பாருங்கள். பிறகு அமிட்ரிப்டிலின், பிரிகாபலின் போன்ற நரம்பு வலி மாத்திரைகள் பற்றி மையத்தில் கேளுங்கள். பலருக்கு அவற்றால் ராத்திரித் தூக்கமாவது கிடைக்கிறது.

கேள்வி: எச்.ஐ.வி. உள்ளவர் இழுத்த கஞ்சா பீடியை வாங்கி இழுத்தால் தொற்றுமா? – கல்லூரி மாணவர், ஊர் வேண்டாம்

பதில்: எச்சிலில் எச்.ஐ.வி. பரவாது. ஆனால் கதவைச் சாத்திய அறையில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து இருமினால் டி.பி. பரவும், நம் ஊரில் எச்.ஐ.வி. உள்ளவர்களை அதிகம் கொண்டுபோவதும் அதுதான். காய்ந்த கஞ்சாவில் பூஞ்சை வித்துகளும் இருக்கும், சிடி4 குறைந்தவரின் நுரையீரலுக்கு அது ஆகாது. அந்த நண்பருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனைக்கு நீங்களே கூட்டிப்போங்கள், காசு கிடையாது. உங்களுக்கும் இருமல் இருந்தால் நீங்களும் ஒரு சளி டப்பா வாங்கிக்கொள்ளுங்கள்.