ஆப் சொன்னா செடியைப் பிடுங்கிடலாமா? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: வணக்கம் சார். ஏற்காட்டுல நாகலூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் அரபிகா காப்பி இருக்கு. தண்டை போட்டோ எடுத்தா உள்ள குடைஞ்சு திங்கிற போரர் புழு இருக்கா இல்லையான்னு சொல்ற ஆப் ஒண்ணை என் ஃப்ரெண்டு செஞ்சிருக்கான், நூத்துக்குத் தொண்ணூறு கரெக்டா சொல்லுதுங்கறான். ஆப் "இருக்கு"ன்னு காட்டுற செடியை எல்லாம் பிடுங்கி எரிச்சிடலாம்னு நான் சொன்னா அப்பா திட்டுறாரு. யார் சொல்றது சரி?
(நாகலூர் வாசகர்)

பதில்: அப்பா சொல்றதுதான் தம்பி. "போனுக்கு என்னடா தெரியும்"னு அவர் சொல்லியிருந்தா அந்தக் காரணம் மட்டும் சரியில்ல, ஆப் நல்ல ஆப்தான், நீங்க போட்ட கணக்குலதான் கோளாறு.

தொண்ணூறு கரெக்ட்னா என்ன? புழு இருக்கிற செடி நூறு காட்டினா 90ஐப் பிடிக்கும், நல்ல செடி நூறு காட்டினா அதுல 10ஐத் தப்பாப் பிடிக்கும், அப்படின்னே எடுத்துக்குவோம். இப்ப உங்க தோட்டத்துல 1000 செடியில 20க்குத்தான் புழுன்னு வச்சுக்குங்க. அந்த 20ல 18ஐ ஆப் பிடிச்சிடும், சந்தோஷம். மிச்சம் 980 நல்ல செடி இருக்கே, அதுல பத்துல ஒண்ணுன்னா 98 செடியையும் சேர்த்துக் காட்டிடும். ஆக மொத்தம் 116 செடியில சிவப்பு விளக்கு எரியும், நிஜமா புழு இருக்கிறது 18ல மட்டும். நூத்துக்குப் பதினஞ்சு சொச்சம்! நீங்க மொத்தத்தையும் பிடுங்கினா 98 நல்ல செடி போச்சு, புதுசா நட்டா அது காய்க்க எத்தனை வருஷம்னு அப்பாவைக் கேளுங்க, அந்தக் கோவம் புரியும்.

புழு இருந்தா ஆப் காட்டுமாங்கறது ஒரு கேள்வி, ஆப் காட்டினா புழு இருக்குமாங்கறது வேற கேள்வி, ஃப்ரெண்டு முதல் கேள்விக்குப் பதில் சொல்றார், உங்களுக்கு வேண்டியது ரெண்டாவதுக்கு. ப்ளஸ் ஒன்ல நிபந்தனை நிகழ்தகவுன்னு படிச்சு மார்க் வாங்கிட்டு மறந்துட்டோமே, அது இதேதான்.

இன்னொண்ணு. அந்தப் புழு வளர்ந்து ஆகிற போரர் வண்டு நிழல் இல்லாத, வெயில் நேரா அடிக்கிற செடியைத்தான் ரொம்பத் தேடும்னு தோட்டக்காரங்க எல்லாருக்கும் தெரியும். நிழலுக்கு வச்ச சில்வர் ஓக் மரம் சாஞ்சு வெளிச்சமாக் கிடக்கிற பக்கத்துல 1000க்கு 100 செடியில புழுன்னு வைங்க, ஆப் 90 நிஜத்தையும் 90 பொய்யையும் காட்டும், பாதிக்குப் பாதி. அதே ஆப்தான், இடம் மாறினா அது சொல்றதுக்கு மதிப்பு மாறுது. அதனால ஆப்பை வெயில் பக்கத்துல முதல்ல ஓட்டுங்க.

ஆப் காட்டின 116ஐ பழைய ஆள் ஒருத்தரை விட்டு ட்ரேசிங் பண்ணச் சொல்லுங்க, தண்டுல வரி வரியா மேடு தட்டியிருக்கா, இலை பழுத்து வாடுதான்னு பார்ப்பாங்க இல்ல. அவரும் பத்துக்கு ஒன்பது கரெக்ட்னா 18ல 16 நிக்கும், 98ல 10 நிக்கும், இப்ப 26க்கு 16 நிஜம், நூத்துக்கு அறுபதுக்கு மேல ஏறிடுச்சு. ஆனா ஒரே செடியை அதே ஆப்புல மூணு போட்டோ எடுத்துட்டு மூணு தடவை செக் பண்ணிட்டேன்னு சொல்லாதீங்க, தண்டுல படிஞ்சு முதல் போட்டோவை ஏமாத்தின அதே பாசி மூணாவதையும் ஏமாத்தும், மூணும் தனித்தனி சாட்சி ஆகாது. வண்டு பறக்கிறது ஏப்ரல் மே, அப்புறம் அக்டோபர்ல இருந்து டிசம்பர், அதுக்கு முன்னாடியே இதை முடிச்சிடுங்க.

கேள்வி: அண்ணா, காலேஜ் ப்ராஜெக்டுக்கு ஏற்காடு மலைப்பாதை பைக் விபத்து எடுத்திருக்கேன். விழுந்தவங்கள்ல முக்காவாசிப் பேர் ஹெல்மெட் போட்டவங்கன்னு வருது. அப்ப ஹெல்மெட் வேஸ்ட்டா?
(அம்மாபேட்டை வாசகி)

பதில்: இதை அப்படியே ஸ்லைடுல போட்டுடாதம்மா! அந்த மலைப்பாதையில பைக்ல போறவங்கள்ல எத்தனை பேர் ஹெல்மெட் போட்டிருந்தாங்கன்னு முதல்ல எண்ணு. உதாரணத்துக்கு 1000 பைக், 950 பேர் போட்டவங்க, 50 பேர் போடாதவங்க. போட்டவங்கள்ல 15, போடாதவங்கள்ல 5 பேர் விழுந்தா முக்காவாசி கணக்கு சரியா வருது, ஆனா 950க்கு 15ங்கறது நூத்துக்கு ஒண்ணரை, 50க்கு 5ங்கறது பத்து. அதுக்காக ஹெல்மெட் விழாம காப்பாத்துதுன்னும் எழுதிடாத, போடாம போறவன் இருபது கொண்டை ஊசி வளைவுலயும் படுத்துப் படுத்து ஓட்டுறவனாவும் இருக்கலாம். ஹெல்மெட்டோட வேலை விழுந்த பிறகுதான் ஆரம்பம், அதனால விழுந்தவங்களுக்குள்ள யாருக்குத் தலையில அடின்னு எடு. உருப்படியான ப்ராஜெக்ட் அதுதான்.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில கொலுசுப் பட்டறை வச்சிருக்கேன். கொலுசு இணைப்பைப் பத்தவைக்கிற ரெண்டு பேர்ல ஒருத்தர் வேலை 200 ஜோடிக்கு 16 ரிட்டர்ன், இன்னொருத்தர் 200க்கு 10. முதல் ஆளை நிறுத்திடலாமா?
(பட்டறைக்காரர்)

பதில்: அண்ணே, கஷ்டமான டிசைனை யார்கிட்ட குடுக்கறீங்க? கெட்டிக்காரர்னு முதல் ஆள்கிட்டதானே? அவர் 150 ஃபேன்ஸி, 50 ப்ளெயின் செஞ்சு, ஃபேன்ஸியில 15, ப்ளெயின்ல 1 திரும்புச்சுன்னு வைங்க, பத்து சதவீதம், ரெண்டு சதவீதம். மத்தவர் 50 ஃபேன்ஸியில 6, 150 ப்ளெயின்ல 4, அது பன்னெண்டு சதவீதம், ரெண்டே முக்கால். ரெண்டு மாடல்லயும் முதல் ஆள் ஒரு படி மேல, மொத்தமாக் கூட்டினா அவர்தான் மோசம்! பன்னெண்டுக்கும் பத்துக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவு சின்ன எண்ணிக்கையில தற்செயலாவும் வரும், அதனால அவருக்கு மாலை போடவும் வேண்டாம். ரிட்டர்ன் நோட்டுல மாடல் எழுதத் தனியா ஒரு கட்டம் சேருங்க.

1973ல அமெரிக்காவுல பெர்க்லி யுனிவர்சிட்டி மேல்படிப்பு அட்மிஷன்லயும் இதே கூத்து. அப்ளை பண்ணின ஆம்பளைங்கள்ல 44 சதவீதம் பேருக்கும் பொம்பளைங்கள்ல 35 சதவீதம் பேருக்கும்தான் சீட் கிடைச்சுதுன்னு பார்த்ததும் பாரபட்சம்னு பேச்சு, துறை துறையாப் பிரிச்சா அந்த வித்தியாசம் காணாமப் போச்சு, சீட் கிடைக்கிறதே கஷ்டமான துறைகளுக்குப் பொண்ணுங்க நிறைய அப்ளை பண்ணியிருந்தாங்க.

கேள்வி: பேயீஸ் தேற்றம்னு பேர் வச்ச அந்த பேயீஸ் யாரு?
(ஓமலூர் ப்ளஸ் ஒன் மாணவர்)

பதில்: தாமஸ் பேயீஸ், இங்கிலாந்துல ஒரு பாதிரியார். ஆப் காட்டினா நிஜமா புழு இருக்குமான்னு மேல போட்டோமே, அந்தக் கணக்கு அவர் பேர்ல இருக்கிற தேற்றம்தான். 1761ல இறந்துட்டார், அவர் எழுதி வச்சிருந்ததை ஃப்ரெண்டு ரிச்சர்ட் பிரைஸ் 1763ல வெளியிட்டார். பரீட்சைக்கு இந்தக் கதை வராது தம்பி, ஃபார்முலாவை மனப்பாடம் பண்றதை விட நாகலூர்க்காரருக்குப் போட்ட மாதிரி 1000 செடின்னு வச்சுப் போட்டுப் பாரு, விடை வந்துடும்.