ஒரே நாவலுக்கு ஐந்து நட்சத்திரமும் ஒற்றை நட்சத்திரமும்: எதை நம்பி வாங்குவது?

கேள்வி: என் அம்மா கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். டென்னிசன், பிரவுனிங் போன்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர்கள் என்றால் அவருக்கு உயிர். அதே விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தை வைத்து இந்தக் கால எழுத்தாளர்கள் எழுதிய நாவல் ஒன்றை அவருடைய பிறந்தநாளுக்கு வாங்கித் தர ஆசை. ஆனால் வாசகர் கருத்துகளைப் படித்தால் தலை சுற்றுகிறது. ஒரே புத்தகத்தை ஒருவர் ‘கீழே வைக்க முடியவில்லை’ என்கிறார், அடுத்தவர் ‘நூறு பக்கத்தோடு மூடிவிட்டேன்’ என்கிறார். ஆபாசம் என்றும் சிலர் எழுதுகிறார்கள். என்ன செய்யலாம்? (வாசகி, திருச்சி)

பதில்: நட்சத்திரத்தை விடுங்கள் அம்மா, திட்டுகிறவர் எதற்காகத் திட்டுகிறார் என்று பாருங்கள். இந்த வகை நாவல்கள் மேல் வரும் புகார் பெரும்பாலும் இரண்டுதான்: ரொம்ப நீளம், ரொம்ப அப்பட்டம். இரண்டுக்கும் காரணம் தெரிந்துவிட்டால் தேர்ந்தெடுப்பது சுலபம்.

விக்டோரியா காலத்தில் புது நாவல் மூன்று தொகுதிகளாக வரும். விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. அதனால் சந்தா கட்டி நூலகத்தில் எடுத்துப் படித்தார்கள். அதில் பெரிய கை சார்லஸ் எட்வர்ட் மியூடி, 1842-இல் தொடங்கியவர். ஆண்டுக்கு 21 ஷில்லிங் கட்டினால் ஒரு நேரத்தில் ஒரு தொகுதி தருவார். ஒரு நாவலை ஒரே சமயத்தில் மூன்று வீட்டுக்குக் கொடுக்கலாம் என்பதால் அவருக்கு மூன்று தொகுதிதான் லாபம். எழுத்தாளர்களும் நீட்டி எழுதினார்கள். அதே மியூடி, வீட்டுப் பெண்கள் படிக்கத் தகாதது என்று நினைத்தால் அந்தப் புத்தகத்தை எடுக்கவே மாட்டார். அவர் ஒதுக்கினால் பதிப்பாளருக்கு அடி. அதனால் உடம்பைப் பற்றி எழுத எல்லோரும் தயங்கினார்கள். 1894-இல்தான் மூன்று தொகுதி முறை முறிந்தது.

இன்று அந்தக் காலத்தை எழுதுகிறவர்களில் பலர் நீளத்தை ஆசையாக எடுத்துக்கொள்கிறார்கள், அந்த மௌனத்தை மட்டும் உடைக்கிறார்கள். ஒற்றை நட்சத்திரம் விழுவதும் ஐந்து நட்சத்திரம் விழுவதும் அந்த இடத்தில்தான்.

மிஷேல் ஃபேபர் 2002-இல் எழுதிய ‘தி கிரிம்சன் பெட்டல் அண்ட் தி ஒயிட்’ நாவலைப் பாருங்கள். 800 பக்கத்துக்கு மேல். கதை 1870-களின் லண்டனில் நடக்கிறது. நாயகி ஷுகர் ஒரு பாலியல் தொழிலாளி. தோல் நோயால் அவள் கையெல்லாம் வெடித்து உரிந்திருக்கும். அவளிடம் வரும் வாசனைப் பொருள் முதலாளியின் மனைவி ஆக்னஸுக்கு, கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் மாதவிலக்கு என்றால் என்னவென்று தெரியாது. யாரும் சொல்லித் தரவில்லை. ரத்தத்தைப் பார்த்து ஏதோ நோய் என்று நடுங்குகிறாள். ‘இதையெல்லாம் எழுத வேண்டுமா’ என்று கேட்கிறவர்கள் சொல்வது இப்படிப்பட்ட பக்கங்களைத்தான். என்னை அழவைத்ததும் அதே பக்கங்கள்தான். இன்னொரு புகாரும் உண்டு, முடிவு சட்டென்று அறுந்துவிடுகிறது என்று. அது உண்மை. அதே பாத்திரங்களை வைத்து 2006-இல் அவர் ஒரு சிறுகதைத் தொகுப்பு கொண்டுவந்தார்.

சாரா வாட்டர்ஸின் ‘ஃபிங்கர்ஸ்மித்’ நல்ல வேகம். திருடர் வீட்டில் வளர்ந்த பெண், பணக்காரப் பெண்ணை ஏமாற்றப் போகும் கதை. நடந்ததையே இரண்டாம் முறை வேறொருத்தி சொல்வது சிலருக்குச் சலிப்பு. இரண்டு பெண்களின் காதல் கதை என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

உங்கள் அம்மாவுக்கு நான் வாங்கினால் ஏ.எஸ். பயட்டின் ‘பொசஷன்’தான். 1990-இல் புக்கர் பரிசு பெற்றது. இந்தக் காலத்து ஆய்வாளர்கள் இரண்டு பேர், விக்டோரியா காலக் கவிஞர்கள் இருவரின் ரகசியக் காதலைக் கடிதம் கடிதமாகத் துப்பறிகிறார்கள். அந்தக் கவிஞர்கள் கற்பனை. அவர்கள் எழுதியதாக வரும் நீண்ட கவிதைகளையும் பயட்டே அந்தக் கால நடையில் எழுதியிருக்கிறார். ‘கவிதையைத் தாண்டிவிட்டேன்’ என்று குறைப்பட்டுக்கொள்ளும் வாசகர்கள் நிறைய. பிரவுனிங் நடத்தியவர் தாண்ட மாட்டார், நின்று படிப்பார். அப்புறம், வாங்கும் முன் மின்நூலின் மாதிரிப் பக்கங்களில் ஒரு இருபதை நீங்களே படித்துப் பாருங்கள்.

கேள்வி: இணையத்தில் பாதி விலைக்கு வாங்கிய தடித்த நாவலில் 432-ஆம் பக்கத்துக்கு அடுத்து 449 வருகிறது. விற்றவர் ‘படித்துவிட்டீர்கள், மாற்ற முடியாது’ என்கிறார். (வாசகர், மதுரை)

பதில்: 16 பக்கம் கொண்ட ஒரு ஃபாரம், அதாவது ஒரே தாளில் அச்சிட்டு மடித்த பக்கக் கட்டு, புத்தகத்தைக் கட்டும்போது விடுபட்டிருக்கிறது. அது குறையுள்ள பொருள், நீங்கள் படித்ததால் குறை போய்விடாது. அந்த இரண்டு பக்கங்களையும் படம் எடுத்து, ரசீதோடு விற்பனைத் தளத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். மசமசவென்ற அட்டை, பின்பக்க எழுத்து தெரியும் தாள் என்றால் திருட்டுப் பதிப்பாக இருக்கலாம், அதையும் குறிப்பிடுங்கள்.

எனக்கும் இது நடந்தது. எலினோர் கேட்டனின் ‘தி லூமினரீஸ்’, 1866-இல் நியூசிலாந்தின் தங்க வேட்டையைப் பற்றிய நாவல், நடைபாதையில் வாங்கினேன். அதில் பகுதிகள் போகப் போகச் சுருங்கும். முதல் பகுதி முந்நூறு பக்கத்தைத் தாண்டும், கடைசிப் பகுதிகள் ஓரிரு பக்கம்தான். அதனால் என் பிரதி முடிந்த இடமே கதையின் முடிவு என்று இருந்துவிட்டேன். மாதங்கள் கழித்து நண்பர் வீட்டுப் பிரதியில்தான் மிச்சப் பக்கங்களைப் பார்த்தேன். அதன் பிறகு தடித்த புத்தகம் எது வந்தாலும் பிரித்த அன்றே பக்க எண்களைக் கடைசிவரை புரட்டிப் பார்த்துவிடுகிறேன்.

தளமும் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.