கிரேக்க எழுத்தைப் பார்த்து மிரள வேண்டாம்

வணக்கம் ஐயா,

அமெரிக்காவில் பொருளியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகளுக்கு 'ஓமிக்ரான் டெல்டா எப்சிலான்' என்ற கிரேக்கப் பெயரில் ஓர் அழைப்பு வந்திருக்கிறது, சேரப் பணமும் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இது ஏமாற்று வேலையா, இல்லை சினிமாவில் காட்டுவதுபோல விடிய விடியக் கூத்தடிக்கும் மாணவர் விடுதியா என்பது உங்கள் கேள்வி. அந்தச் சங்கம் இரண்டும் இல்லை.

ஓமிக்ரான் டெல்டா எப்சிலான் என்பது பொருளியலில் நல்ல மதிப்பெண் எடுப்பவர்களுக்கான கௌரவச் சங்கம். 1915-லும் 1956-லும் தனித்தனியாகத் தோன்றிய இரண்டு சங்கங்கள் 1963-ல் ஒன்றாக இணைந்தன. மூத்த சங்கத்தைத் தொடங்கியவர்களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜான் காமன்ஸும் ஹார்வர்டின் ஃபிராங்க் டாசிக்கும் உண்டு. கூத்துக்கும் அவர்களுக்கும் வெகுதூரம்.

சேர 12 கிரெடிட் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு) பொருளியல் படித்திருக்க வேண்டும். மூன்று கிரெடிட் பாடம் என்றால் நான்கு பாடங்கள். பொருளியலிலும் மொத்தத்திலும் 'பி' சராசரி, அதாவது நான்குக்கு மூன்று, இருக்க வேண்டும். சில பல்கலைக்கழகக் கிளைகள் இதற்கு மேலும் கேட்கும். அழைப்பு உண்மையானதா என்று அறிய, அதிலுள்ள இணைப்பைத் தொடாமல் நேராகப் பொருளியல் துறை அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். கிளை இருந்தால் அதற்குப் பொறுப்பான பேராசிரியர் ஒருவர் இருப்பார். அவர் ஆம் என்றால் பணம் கட்டலாம். உறுப்பினர் கட்டணம் ஒரே ஒருமுறைதான். துறைக்கே தெரியாத 'கௌரவ' அழைப்புகளும் மாணவர்களுக்கு வருவதுண்டு, அவற்றை அழித்துவிடலாம்.

சேர்ந்தால் என்ன கிடைக்கும்? பட்டமளிப்பு நாளில் கழுத்தில் கௌரவ அடையாளமாக ஒரு கயிறு, சான்றிதழ், ரெஸ்யூமேயில் ஒரு வரி. அமெரிக்க மத்திய அரசு வேலையில் இத்தகைய சங்க உறுப்பினர்கள் ஜிஎஸ்-5 என்ற சம்பள நிலைக்குப் பதிலாக அதற்கு மேலான ஜிஎஸ்-7 நிலையில் நுழைய வழி உண்டு. ஆனால் அந்த வேலைகள் பெரும்பாலும் குடியுரிமை பெற்றவர்களுக்குத்தான். மாணவர் விசாவில் இருக்கும் உங்கள் மகளுக்கு அதனால் பயனில்லை. இது ஏற்கெனவே வாங்கிய மதிப்பெண்ணுக்கு இன்னொரு முத்திரை, அவ்வளவே.

நான் வற்புறுத்துவது அதே துறையின் பொருளியல் கிளப்பை. பெரும்பாலும் அங்கே மதிப்பெண் கேட்க மாட்டார்கள். முதல் கூட்டத்துக்குப் பாதிப் பேர் பீட்சாவுக்காகத்தான் வருவார்கள், போகட்டும். மூன்றாவது கூட்டத்திலும் வந்து உட்காருபவர்கள் யாரோ, அவர்களோடு இவள் சேர வேண்டும். பல கல்லூரிகளில் இந்தக் கூட்டத்திலிருந்துதான் ஃபெட் சேலஞ்ச் போட்டிக்கு அணி கிளம்புகிறது. அமெரிக்க மத்திய வங்கி நடத்தும் போட்டி இது. பணவீக்கம், வேலையின்மைப் புள்ளிவிவரங்களை அலசி, வட்டியை ஏற்றலாமா இறக்கலாமா என்று மாணவர்கள் நடுவர்கள் முன் வாதிட வேண்டும். பிறகு நடுவர்கள் கேள்வி கேட்பார்கள். எழுதி மனப்பாடம் செய்ததெல்லாம் அங்கே உதவாது.

ரெஸ்யூமேயில் 'பொருளியல் கிளப், உறுப்பினர்' என்று எழுதினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். 'ஃபெட் சேலஞ்ச் அணியில் வேலைச்சந்தைப் பகுதியைத் தயாரித்துப் பேசினேன்' என்று எழுதினால், நேர்காணலில் முதல் கேள்வியே அங்கிருந்துதான் வரும். பரிந்துரைக் கடிதம் எழுதும் பேராசிரியருக்கும் மதிப்பெண்ணைத் தாண்டிச் சொல்ல ஏதாவது இருக்கும். மகளுக்குக் கூச்ச சுபாவம் என்று எழுதியிருக்கிறீர்கள். கிளப்பின் பொருளாளர் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். மேடை ஏறாமலே எல்லோரோடும் பழக வைக்கும் பதவி அது. சம்பளமில்லாத மாணவர் பொறுப்பு என்பதால் விசாவுக்கும் தொல்லை இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என்னைக் கேட்டால் நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் அதுதான். பட்டம் முடித்ததும் மாணவர் விசாவில் 12 மாதம் அங்கே வேலை பார்க்கலாம். படிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால் மேலும் 24 மாதம் கிடைக்கும். ஒவ்வொரு படிப்புப் பிரிவுக்கும் அங்கே ஓர் எண் உண்டு. பொதுப் பொருளியலின் எண் 45.0601, அது பட்டியலில் இல்லை. கணிதமும் புள்ளியியலும் கூடுதலாக உள்ள பொருளியல் அளவையியல் பிரிவின் எண் 45.0603, அது உண்டு. மாணவர் விசாவுக்காகக் கல்லூரி கொடுத்த ஐ-20 படிவத்தில் மகளின் பிரிவு எண் அச்சாகியிருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அதைப் பார்த்துப் படிக்கச் சொல்லுங்கள். 45.0601 என்றால், பிரிவு மாற்ற என்னென்ன பாடம் கூடுதலாக எடுக்க வேண்டும் என்று மறுநாளே துறை ஆலோசகரிடமும் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலும் கேட்கட்டும். இரண்டாம் ஆண்டில் அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.