பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் பின்பக்கப் பட்டை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் 1968-ஆம் ஆண்டு ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 கார் உள்ளது. புளியரை, ஆரியங்காவு வழியாகத் தென்மலை வரை அடிக்கடி ஓட்டுகிறேன். பின்பக்கம் தாழ்ந்துவிட்டது, குழிகளில் அடிப்பகுதி இடிக்கிறது. லாரிப் பட்டை (லீஃப் ஸ்பிரிங், வண்டியைத் தாங்கும் வில் போன்ற எஃகுத் தகடு) வேலை செய்யும் பட்டறையில், பின்பக்கப் பட்டைக் கட்டுக்குள் இன்னொரு பட்டை சேர்த்து உயர்த்தித் தருவதாகச் சொல்கிறார்கள். செய்யலாமா? — வாசகர், செங்கோட்டை

பதில்: அருள்கூர்ந்து செய்யாதீர்கள். பட்டறைக்காரர் சொல்வது லாரிக்குச் சரி, அம்பாசடருக்கும் சரி. அவற்றில் இரண்டு பின்சக்கரங்களும் ஒரே இரும்புக் கூட்டின் இரு முனைகளில் இருப்பதால், பட்டையை எவ்வளவு உயர்த்தினாலும் சக்கரம் நிமிர்ந்தே நிற்கும். ஸ்பிட்ஃபயரின் அமைப்பு வேறு. அதில் டிஃபரன்ஷியல் (எஞ்சின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) காரின் சட்டத்தோடு பொருத்தப்பட்டிருக்கிறது. அதன் தலைமேல் ஒரே ஒரு பட்டைக் கட்டு குறுக்காகப் படுத்து, இரு முனைகளிலும் சக்கரங்களைத் தாங்கும் இணைப்புகளைப் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு பக்கத்து ஆக்சிலுக்கும் டிஃபரன்ஷியலை ஒட்டி ஒரே ஒரு யுனிவர்சல் ஜாயின்ட்தான் (வளைந்துகொடுக்கும் மூட்டு) உண்டு. ஆகவே சக்கரம் மேலும் கீழும் போகும்போது அந்த ஜாயின்ட்டை மையமாகக் கொண்டே சுழல்கிறது. காரின் பின்பக்கம் உயர உயர, சக்கரங்களின் அடி உள்ளே ஒடுங்கி, தலை வெளியே சாய்கிறது.

வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரமே பெரும்பாலான பாரத்தைத் தாங்குகிறது. சாலை அந்த டயரை உள்நோக்கித் தள்ளும் விசை, சாய்ந்திருக்கும் ஆக்சில் வழியாகக் காரின் பின்பக்கத்தையே மேலே தூக்குகிறது. தூக்கியதும் சக்கரம் இன்னும் ஒடுங்குகிறது, ஒடுங்கியதும் விசை இன்னும் தூக்குகிறது. அந்த நேரத்தில் பதறிப்போய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலோ பிரேக்கை மிதித்தாலோ, எடை முன்னால் சாய்ந்து, பின்பக்கம் மேலும் எழும்பி, கார் சுற்றிவிடும். ஆனி, ஆடிச் சாரலில் நனைந்து கிடக்கும் புளியரை எஸ் வளைவில், கேரளத்திலிருந்து இறங்கும் லாரிகளுக்கு நடுவே அப்படி நேர்வதை நினைக்கவே அச்சமாக இருக்கிறது. கூடுதல் பட்டை இரண்டு கேடுகளை ஒருசேரச் செய்கிறது: உயரத்தையும் கூட்டுகிறது, விறைப்பையும் கூட்டுகிறது.

தயாரித்தவர்களே இந்தக் குறையை உணர்ந்து திருத்தினார்கள். 1962-இல் வெளிவந்த ஸ்பிட்ஃபயருக்கு 1970 இறுதியில் மார்க் 4 வந்தபோது, ஒரு பட்டையை மட்டும் டிஃபரன்ஷியலோடு இறுக்கி, மற்றப் பட்டைகள் நடுவில் ஊசலாடும்படி அமைத்தார்கள். இரண்டு சக்கரங்களும் ஒன்றாக ஏறி இறங்கும்போது கட்டு முழுவதும் பாரம் தாங்கும். கார் ஒரு பக்கமாகச் சாயும்போது பெரும்பாலான பட்டைகள் வெறுமனே சாய்ந்துகொடுக்கும். இதனால் பின்பக்கத்தின் சாய்வு விறைப்பு, அதாவது கார் பக்கவாட்டில் சாய்வதை எதிர்க்கும் விறைப்பு, குறைந்தது. அதை ஈடுகட்ட முன்பக்கத்து ஆன்டி ரோல் பாரை (கார் சாய்வதைக் கட்டுப்படுத்தும் கம்பி) தடிமனாக்கினார்கள். உங்கள் காரை மேம்படுத்தியே தீர வேண்டும் என்றால் அந்த ஊசல் பட்டையைப் பொருத்துவதே சரியான வழி. ஆனால் முன்பக்கத் தடிமன் பாரையும் சேர்த்தே பொருத்த வேண்டும். பட்டையை மட்டும் மாற்றினால் கார் வளைவில் அளவுக்கு மீறிச் சாயும்.

அதற்கும் முன்னால், பட்டை உண்மையிலேயே தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஜாக்கியிலிருந்து இறக்கிய உடனே சக்கரச் சாய்வை அளக்கக் கூடாது. சக்கரங்கள் ஒடுங்கியபடியே நிற்கும். சமதளத்தில் காரைச் சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்காரவைத்து, கொத்தனாரின் தூக்குக்குண்டைச் சக்கரத்தை ஒட்டித் தொங்கவிட்டு, ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் நூலிலிருந்து உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். உங்கள் 13 அங்குலச் சக்கரத்தில் சுமார் 6 மில்லிமீட்டர் வித்தியாசம் என்பது ஒரு பாகைச் சாய்வு. சக்கரத்தின் தலை ஒன்றிரண்டு பாகை உள்ளே சாய்ந்திருந்தால், கண்ணுக்குத் தாழ்வாகத் தெரிந்தாலும் அதுவே இந்தக் காருக்குப் பாதுகாப்பான நிலை. அதைக் கெடுக்க வேண்டாம். இடிப்பது பெரும்பாலும் சைலன்சர் குழாயாகத்தான் இருக்கும். அதன் ரப்பர் தாங்கிகளை மாற்றி, குழாயை உயர்த்திக் கட்டினாலே போதும்.

அதற்கும் கூடுதலாகச் சாய்ந்திருந்தாலோ, இடமும் வலமும் வேறுபட்டாலோ பட்டை தளர்ந்திருக்கலாம். பட்டை முனைகளுக்கு இடையே உள்ள சிறு குமிழ்கள் தேய்ந்திருக்கின்றனவா, சக்கர இணைப்பின் அடியில் உள்ள நைலான் புஷ்கள் ஆடுகின்றனவா என்றும் பாருங்கள். புதிய பட்டை வாங்குவது நல்லது. பழையதை வளைத்தெடுப்பதானால், சூடாக்காமல் அழுத்தி வளைக்கச் சொல்லுங்கள். உலையில் செக்கச் சிவக்கக் காய்ச்சி வளைத்துவிட்டு, முறையாகத் தோய்த்துப் பதம் ஏற்றாமல் விட்டால், பட்டை விரைவிலேயே மீண்டும் தொய்ந்துவிடும். லாரிப் பட்டையில் அரிவாள் அடிக்கும் கைதேர்ந்த கொல்லர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். எனினும் அரிவாளுக்கு வேண்டிய பதம் வேறு, ஓயாமல் வளைந்து நிமிர வேண்டிய பட்டைக்கு வேண்டிய பதம் வேறு.

கேள்வி: எங்கள் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டில் குடும்பத்தோடு போகும்போது பின்பக்கம் அமுங்குகிறது. இதற்கும் அதே பதில்தானா? — வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: ஆம். சென்னையில் தயாரான ஹெரால்டின் பின்பக்கமும் இதே குறுக்குப் பட்டை அமைப்புதான். ஸ்பிட்ஃபயரே ஹெரால்டின் உறுப்புகளைக் கொண்டு பிறந்த கார். ஹெரால்டுக்குப் பின் வந்த கெஸலில் அதை விட்டு, ஒரே கூட்டு ஆக்சிலுக்கு மாறினார்கள். பாரம் ஏறும்போது சக்கரத்தின் தலை உள்ளே சாய்வது வளைவில் ஆபத்தான சாய்வு அன்று. டயரின் உள்விளிம்பு தேயும், அவ்வளவே. பாரம் இல்லாதபோதும் தாழ்ந்திருந்தால் மட்டும் பட்டையைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவாருங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

கேள்வி: எம்ஜிபி காருக்கு விறைப்பான பட்டை போட்டால் வளைவில் நன்றாகப் பிடிக்குமா? — வாசகர், மார்த்தாண்டம்

பதில்: எம்ஜிபியில் ஒரே கூட்டு ஆக்சில் என்பதால் மேலே சொன்ன ஆபத்து இல்லை. ஆனால் மேடுபள்ளமான சாலையில் விறைத்த பட்டை சக்கரத்தைத் துள்ளவைத்துப் பிடிப்பைக் குறைக்கும். முதலில் பட்டைக் கண்களின் (பட்டை முனைகளில் உள்ள வளையங்கள்) ரப்பர் புஷ்களை மாற்றுங்கள். நெம்புகோல் வகை ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா என்று பாருங்கள். பிறகு புதிய பட்டை போடுவதானால், திறந்த காருக்கும் கூரை மூடிய ஜிடி காருக்கும் பட்டை வேறு வேறு என்பதைக் கேட்டு வாங்குங்கள். பட்டையை ஆக்சிலோடு பிடிக்கும் யூ போல்ட்களைச் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் கட்டாயம் ஒருமுறை மீண்டும் இறுக்குங்கள்.