ஒரே மேப்பிள் பாகு, மூன்று அளவு: ஒளிமானி பொய் சொல்கிறதா?

கேள்வி: ஒன்டாரியோவில் சிறிய மேப்பிள் தோப்பு வைத்திருக்கிறேன். பாகின் தரம் பார்க்க ஒளிமானி வாங்கினேன். ஒரே ஜாடியில் எடுத்த பாகு ஒரு தடவை 54 காட்டுகிறது, அடுத்த தடவை 47, அப்புறம் 51. லேபிளில் ஆம்பர் என்று போடுவதா, டார்க் என்று போடுவதா?

பதில்: மானியைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள், பெரும்பாலும் கோளாறு குவெட்டுக்குள்தான், அதாவது பாகை ஊற்றி மானியில் வைக்கும் சின்னத் தெளிந்த குப்பிக்குள்தான் இருக்கும். 560 நானோமீட்டர் ஒளி பாகைக் கடந்து எவ்வளவு வெளியே வருகிறது என்பதைத்தான் அது அளக்கிறது. தெளிந்த கிளிசரின் வழியே வரும் ஒளியை 100 என்று வைத்து, 75-க்கு மேல் கோல்டன், 50 முதல் 75 வரை ஆம்பர், 25 முதல் 50 வரை டார்க், அதற்கும் கீழே வெரி டார்க். ஒளி குறைந்தது நிறத்தாலா, குமிழியாலா, கலங்கலாலா என்று அதற்குத் தெரியாது, எல்லாமே அதற்குக் கருப்புதான்.

அதனால் முதலில் கலங்கலைப் பாருங்கள். காய்ச்சும்போது பிரிகிற சர்க்கரை மணல் நுண்ணியதாக மிதந்தால் நல்ல ஆம்பர் பாகுகூட டார்க் ஆகிவிடும். சூடாக இருக்கும்போதே நன்றாக வடிகட்டிய பாகை மட்டும் சோதியுங்கள், வடிகட்டி அழுத்தியில் வடிகட்ட உதவியாகப் போடும் நுண்தூளான டயட்டம் மண் கசிந்து வந்தாலும் இதே கதைதான்.

அடுத்தது குமிழி. ஜாடியைக் குலுக்கிவிட்டு ஊற்றாதீர்கள். குவெட்டைச் சாய்த்துப் பிடித்து ஓரமாக மெதுவாக விடுங்கள், கொஞ்ச நேரம் அப்படியே வையுங்கள். இதில் ஒரு சின்ன உளவு வேலை பார்க்கலாம்: குவெட்டை எடுக்காமலேயே சில நிமிடங்கள் விட்டு விட்டு அளந்தால், எண் ஏறிக்கொண்டே போனால் குமிழி மேலே போய்க்கொண்டிருக்கிறது, இறங்கிக்கொண்டே போனால் குளிர்ந்த பாகினால் குவெட்டின் வெளிப்பக்கம் பனி படிகிறது என்று சந்தேகப்படலாம். நிலவறையிலிருந்து எடுத்ததும் சோதிக்க வேண்டாம், அறை வெப்பத்துக்கு வரட்டும். கொதிக்கக் கொதிக்கவும் வேண்டாம்.

குவெட்டைக் கழுவியபின் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றாலும் பாகில் நெளிநெளியாகக் கோடு விழும், அது ஒளியைச் சிதறடிக்கும். உலர்த்துங்கள், இல்லாவிட்டால் அதே பாகை ஊற்றி ஒருமுறை அலசிக் கொட்டுங்கள்.

எல்லோரும் கோட்டை விடுகிற இடம் கிளிசரின். அதை 100 என்று வைக்கும்போது கிளிசரின் இருக்கும் குவெட்டில் விரல் ரேகையோ கீறலோ குமிழியோ இருந்தால், பாகின் எண் உண்மையைவிட அதிகமாக வரும். உங்கள் 54 அப்படி வந்ததாகவும் இருக்கலாம், 47-தான் பொய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கிளிசரின் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும், மூடியை இறுக்கி வையுங்கள். தெளிந்த பக்கங்களை மென்துணியால் துடைத்து, எப்போதும் ஒரே முகத்தை ஒளிப்பக்கம் வைத்துப் பொருத்துங்கள்.

சரி, லேபிள்? மேலே சொன்னதெல்லாம் செய்து, ஒவ்வொரு தடவையும் புதிதாக ஊற்றி மூன்று தடவை அளந்த பிறகும் 51 பக்கம் வந்தால் நான் ஆம்பர் போடமாட்டேன். புட்டியில் அடைக்க மறுபடி 85 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறோம், அதில் இன்னும் கருக்கும். சுடச்சுட அடைத்த புட்டிகளை நெருக்கி அடுக்கினால் நடுவில் இருப்பது ஆறாமல் மேலும் கருக்கும். அடைத்து ஆறிய புட்டியைத் திறந்து ஒருமுறை சோதித்துவிட்டு லேபிள் அச்சடியுங்கள். அடர்த்தியை இந்த மானி சொல்லாது, 66 பிரிக்ஸ் (சர்க்கரைச் செறிவின் அளவு) இருக்கிறதா என்று ஹைட்ரோமீட்டரில் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.