விசா முடியும் நாளில் கார் யாருடையது? (வாசகர் கேள்வி பதில்)

வெளிநாட்டில் கார் வாங்குவது பற்றி மதுரை வட்டாரத்து வாசகர்களிடமிருந்தும், அங்கே வேலை பார்ப்போரின் பெற்றோரிடமிருந்தும் வந்த கடிதங்களில் நான்கை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். ஷார்ஜாவில் பத்தொன்பது ஆண்டுகள் கணக்கராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான் என்பதால், முதல் கடிதத்துக்கான பதில் நீண்டுவிட்டது.

கேள்வி: என் சொந்த ஊர் மேலூர். ஷார்ஜாவில் குடும்பத்துடன் தங்கி, துபாயின் அல் கூஸ் பகுதியில் உள்ள ஒரு நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். மாதச் சம்பளம் 15,000 திர்ஹாம். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர். இருந்த பழைய காரை விற்றுவிட்டேன். கையில் உள்ள தொகையோடு வங்கிக் கடனும் சேர்த்தால் 1,20,000 திர்ஹாம் வரை செலவழிக்கலாம். இந்த விலைக்குப் புதிய டொயோட்டா ரேவ்4 ஒன்று பேசி வைத்திருக்கிறேன். இதே விலைக்கு, மூன்று ஆண்டுகளுக்கு முன்பு 2,60,000 திர்ஹாமுக்கு வாங்கப்பட்ட ஒரு பி.எம்.டபிள்யூ காரும் வந்திருக்கிறது. அதில் ஒரு கீறல்கூட இல்லை. மனைவி டொயோட்டா போதும் என்கிறார். என் மனம் மற்றதில் நிற்கிறது. ஒன்பது வருடம் உழைத்தவன் ஒரு நல்ல வண்டியில் உட்காரக் கூடாதா?

பதில்: உட்காரலாம். உழைத்துச் சம்பாதித்தவர் நல்ல வண்டியை விரும்புவதில் குற்றம் எதுவும் இல்லை. அந்த ஆசையை ஆடம்பரம் என்ற ஒரே சொல்லால் தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் உள்ள இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பாருங்கள். கீறல் விழாமல் வைத்திருந்த ஒருவருக்கு அந்தக் கார் மூன்றே ஆண்டுகளில் 1,40,000 திர்ஹாம் இழப்பைக் கொடுத்திருக்கிறது. அது உங்களுடைய ஒன்பது மாதச் சம்பளத்தைவிட அதிகம். அந்த இழப்பு அவரோடு போயிற்று, இனி வாங்குபவருக்கு லாபம்தான் என்று விற்பனையாளர் சொல்வார். முதல் சில ஆண்டுகளின் சரிவுதான் மிகவும் செங்குத்தானது என்பதால் அதில் ஓரளவு உண்மையும் உண்டு. அவர் சொல்லாமல் விடுவது வேறொன்று. காரின் விலை பாதிக்கும் கீழே இறங்கினாலும் அதன் உதிரிபாகங்களின் விலை இறங்குவதில்லை. கியர்பாக்ஸ், முகப்பு விளக்கு, மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாம் 2,60,000 திர்ஹாம் காருக்கு உரிய விலையிலேயே கடையில் இருக்கும். நீங்கள் வாங்கப்போவது 1,20,000 திர்ஹாம் கார். பராமரிக்கப்போவது 2,60,000 திர்ஹாம் கார். அதோடு, வளைகுடாவின் கோடை எந்த வண்டியையும் விட்டுவைப்பதில்லை. நிழலிலேயே 45 டிகிரியைத் தாண்டும் மாதங்களில் ரப்பர் குழாய்களும், பிளாஸ்டிக் இணைப்புகளும், பேட்டரியும், டயரும் குளிர் நாடுகளில் உழைக்கும் காலம்வரை உழைப்பதில்லை. எந்த வண்டியில் இவை அதிகமோ அதில் செலவும் அதிகம்.

அடுத்தது கடன். ஐக்கிய அரபு அமீரகத்தின் மத்திய வங்கி 2011இல் கொண்டுவந்த விதிப்படி, காரின் மதிப்பில் 80 விழுக்காட்டுக்கு மேல் கடன் தரக் கூடாது. 60 மாதங்களுக்குள் அடைத்துவிட வேண்டும். எல்லாக் கடன்களின் தவணைகளும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. உங்கள் கணக்கில் 24,000 திர்ஹாம் கையிலிருந்தும் 96,000 திர்ஹாம் கடனாகவும் போகும். அங்கே கார் கடனுக்கு விளம்பரப்படுத்தும் வட்டி பெரும்பாலும் பிளாட் ரேட், அதாவது நீங்கள் அசலை அடைத்துக்கொண்டே வந்தாலும் முதல் நாள் அசலுக்கே ஐந்து ஆண்டுகளும் போடப்படும் வட்டி. 3 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் மொத்த வட்டி 14,400, மாதத் தவணை 1,840 திர்ஹாம். குறையும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் முறையில் இதைக் கணக்கிட்டால் உண்மையான வட்டி ஐந்தரை விழுக்காட்டைத் தாண்டுகிறது. வங்கியில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்த இரண்டாவது எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

இந்தத் தவணை இரண்டு கார்களுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே எந்தக் காரின் தவணையைக் கட்ட முடியும் என்ற கேள்வியால் உங்களுக்குப் பயனில்லை. தவணை 60 மாதம். உங்கள் வேலை விசா இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. இந்த இரண்டு காலங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் எல்லா ஆபத்தும் இருக்கிறது. நினைக்காத ஒரு மாதத்தில் விசா ரத்தானால், வண்டியைப் பத்து நாளில் விற்றுக் கடனை அடைக்க முடியுமா? நான் பார்த்தவரை, அதிகம் ஓடாத டொயோட்டாவுக்கு ஷார்ஜாவிலோ பக்கத்து அஜ்மானிலோ ஆள் தேட வேண்டியதில்லை. உத்தரவாதம் முடிந்த சொகுசு காரை வாங்க வருபவர் குறைவு. வருபவரும் உங்கள் அவசரத்தைத் தெரிந்துகொண்டே விலை கேட்பார். கடன் அடையாதவரை பதிவுச் சான்றில் வங்கியின் அடமானம் இருக்கும், எனவே அதை அடைக்காமல் வண்டியை வேறொருவர் பெயருக்கு மாற்றவும் முடியாது.

இதை நான் எட்ட நின்று சொல்லவில்லை. 2007இல், உங்களைப் போலவே பல ஆண்டுகள் உழைத்த பிறகு, நான்கு ஆண்டு பழைய ஜெர்மானியக் கார் ஒன்றை ஷார்ஜாவில் கடனுக்கு வாங்கினேன். ஓட்டுவதற்கு அது தந்த நிம்மதியை இன்றும் மறுக்க மாட்டேன். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் கியர்பாக்ஸ் நின்றது. பழுதுபார்க்க 13,000 திர்ஹாம் என்றார்கள். பாதியைக் கடன் அட்டையில் போட்டுச் சரிசெய்தேன். 2009 தொடக்கத்தில், துபாய் விமான நிலையத்தில் காரை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறவர்களைப் பற்றிச் செய்திகள் வந்துகொண்டிருந்த நாட்களில், எங்கள் நிறுவனமும் ஆட்களைக் குறைத்தது. வேறு வேலை கிடைக்க நான்கு மாதங்கள் ஆயின. காரைக் கேட்டவர்கள் கொடுத்த விலை, வங்கிக்கு நான் தர வேண்டிய தொகையைவிடக் குறைவு. மீதியை அடைக்க, மதுரை தெற்கு ஆவணி மூல வீதியில் என் தாயாரின் நகைகளை அடகு வைத்து, என் தம்பி எனக்குப் பணம் அனுப்பினான். பதினோரு ஆண்டுகளாக மாதந்தோறும் நான் அனுப்பிய வழியில், முதன்முறையாகப் பணம் எதிர்த்திசையில் வந்தது. உங்கள் மனைவி டொயோட்டா போதும் என்று சொன்னதைப் படித்தபோது எனக்கு அந்த மாதம்தான் நினைவுக்கு வந்தது.

நீங்கள் மேலூர்க்காரர் என்பதால் இன்னொன்றும் சொல்லலாம். நம் பக்கத்தில் ஜல்லிக்கட்டுக் காளை வளர்ப்பவர் அதை ஏரில் பூட்டுவதில்லை. பருத்திக்கொட்டை வைத்து, குளத்தில் நீந்தவிட்டு, மண் குத்தப் பழக்கி, அது ஒரு ரூபாய்கூடச் சம்பாதித்துத் தராது என்பதைத் தெரிந்தே வீட்டின் மற்ற வருமானத்தில் வளர்க்கிறார். தை மாதத்தில் வாடிவாசலைத் தாண்டி அது நின்று விளையாடும் சில நொடிகள் அவருக்குப் போதும். அந்தப் பெருமையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் உழவு மாட்டை விற்று அந்தப் பணத்தில் ஜல்லிக்கட்டுக் காளை வாங்கிய வீட்டை நான் கண்டதில்லை. ஷார்ஜாவிலிருந்து அல் கூஸுக்குத் தினமும் நெரிசலில் போய்வரவும், பிள்ளைகளை ஏற்றி இறக்கவும் உங்களிடம் இருக்கப்போவது ஒரே வண்டி. அது உழவு மாடாக இருக்கட்டும். ரேவ்4 வாங்குங்கள், முடிந்தால் 60 மாதக் கடனை 36 மாதத்தில் அடையுங்கள்.

இடைவழி ஒன்றும் உண்டு. டொயோட்டா நிறுவனம் 1989இல் தொடங்கிய லெக்சஸ் பெயரில் வரும் இ.எஸ். கார், டொயோட்டா கேம்ரி காரோடு அடித்தளத்தைப் பகிர்ந்துகொள்வது. மூன்று, நான்கு ஆண்டு ஓடிய இ.எஸ். ஒன்று உங்கள் தொகைக்குள் கிடைத்தால் சொகுசும் கிடைக்கும், விற்கும் நாளில் அலையவும் வேண்டியிருக்காது. எந்தப் பழைய காரானாலும் அது ஜி.சி.சி. ஸ்பெக், அதாவது வளைகுடா நாடுகளுக்கென்றே தயாரான கார்தானா என்று பாருங்கள். அமெரிக்காவில் விபத்தில் சிக்கி, ஏலத்தில் எடுக்கப்பட்டு, பூசி மெழுகப்பட்ட கார்கள் ஷார்ஜா சந்தையில் உண்டு. கீறல் இல்லாத உடம்பு, விபத்தில் சிக்காத கார் என்பதற்குச் சான்று ஆகாது. சேஸிஸ் எண்ணை வைத்து விபத்து வரலாற்றைத் தேடிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

கேள்வி: திருநகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். சிங்கப்பூரில் நிரந்தரவாசியாக இருக்கும் என் மகன் மெர்சிடிஸ் வாங்கப்போவதாகச் சொல்கிறான். சிறிய கார் போதுமே என்றால், "இங்கே சிறிய காரே அவ்வளவு விலை அப்பா, இன்னும் கொஞ்சம் போட்டால் மெர்சிடிஸே வந்துவிடும்" என்கிறான். இது சரியா?

பதில்: முதல் பாதி சரி ஐயா. சிங்கப்பூரில் கார் வாங்குபவர், காரின் விலையைத் தவிர, அதை வைத்திருக்கும் உரிமைக்கான சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். 1990இல் வந்த இந்த ஏற்பாட்டைச் சி.ஓ.இ. என்கிறார்கள், அது பத்து ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சான்றிதழ் 1,06,000 சிங்கப்பூர் டாலருக்கும், பெரிய கார்களுக்கானது 1,50,001 டாலருக்கும் போயின. காரே இன்னும் வராத நிலையில் இவ்வளவு கொடுத்தவருக்கு, காரின் விலை வேறுபாடு சிறியதாகத் தெரிவது இயல்பு.

ஆனால் இரண்டாம் பாதி தவறு. கூடுதல் பதிவுக் கட்டணம், 2023 முதல் நடைமுறையில் உள்ள விகிதப்படி, காரின் இறக்குமதி மதிப்பு ஏற ஏறப் படிப்படியாக உயர்கிறது. முதல் 20,000 டாலருக்கு 100 விழுக்காடு, அடுத்த 20,000க்கு 140, அதற்கடுத்த 20,000க்கு 190, பிறகு 250, இறுதியாக 320. மதிப்பு 20,000 டாலர் உள்ள காருக்கு இந்தக் கட்டணம் 20,000 டாலர். மதிப்பு 50,000 உள்ள காருக்கு 67,000 டாலர். உங்கள் மகன் "இன்னும் கொஞ்சம்" என்று சொல்வதற்குள் இது ஒளிந்திருக்கிறது. கடனும் குறையும்: மதிப்பு 20,000 டாலரைத் தாண்டிய காருக்கு விலையில் 60 விழுக்காடு வரைதான் கடன், ஏழு ஆண்டுக்குள் அடைக்க வேண்டும். ஆகவே மொத்த விலையைப் பார்க்காமல், ஓர் ஆண்டு ஓட்டுவதற்கு எத்தனை டாலர் தேய்கிறது என்று இரண்டு கார்களுக்கும் கணக்குப் போடச் சொல்லுங்கள். நிரந்தரவாசி என்பதால் விசா பற்றிய கவலை அவருக்குக் குறைவு; அந்த ஆண்டுத் தேய்மானத்தைச் சேமிப்பில் கை வைக்காமல் தாங்க முடிந்தால், தந்தையாக நீங்கள் தடுக்க வேண்டியதில்லை. தாங்க முடியாவிட்டால், எம்.ஆர்.டி. ரயில் ஓடும் அந்த ஊரில் கார் வாங்காமல் இருப்பதே மூன்றாவது வழி.

கேள்வி: என் மகளும் மருமகனும் அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில் இருக்கிறார்கள். மருமகனுக்கு எச்1பி என்ற வேலை விசா, மகள் வேலைக்குப் போகவில்லை. ஹோண்டா கார் வாங்கினால் வரும் கடன் தவணையும், ஆடி காரை லீஸில் எடுத்தால் வரும் மாதத் தொகையும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கின்றனவாம். அப்படியானால் ஆடி எடுப்பதில் தவறு என்ன என்று கேட்கிறார்கள். (வாசகி, உசிலம்பட்டி)

பதில்: அம்மா, மாதத் தொகை ஒன்றாக இருந்தாலும் அது வாங்கித் தருவது ஒன்றல்ல. ஹோண்டாவுக்குக் கட்டும் ஒவ்வொரு தவணையிலும் காரின் ஒரு பகுதி அவர்களுடையதாகிறது. லீஸ் என்பது வாடகை. பெரும்பாலும் 36 மாதம் முடிந்ததும் காரைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆண்டுக்கு 10,000 அல்லது 12,000 மைல் என்று எல்லை போட்டிருப்பார்கள். தாண்டிய ஒவ்வொரு மைலுக்கும் தனிக் கட்டணம். காய்கறி வாங்கவே பல மைல் ஓட்ட வேண்டிய டெக்சஸில் அந்த எல்லை சீக்கிரம் தீர்ந்துவிடும்.

எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. எச்1பி விசாவில் இருப்பவர் வேலையை இழந்தால், வேறு நிறுவனம் கிடைக்கவோ நாட்டைவிட்டுக் கிளம்பவோ அதிகபட்சம் 60 நாட்களே உண்டு. வீட்டில் ஒரே சம்பளம். அந்த 60 நாட்களில் ஹோண்டாவை விற்றுவிட முடியும். லீஸை நடுவில் முறித்தால், மீதமுள்ள மாதங்களின் தொகையில் பெரும் பகுதியைக் கேட்கக்கூடும். புதிதாகப் போனவர்களுக்குக் கடன் வரலாறு இல்லாததால் வட்டி கூடுதலாகச் சொல்வார்கள். ஓராண்டு கடன் அட்டையை ஒழுங்காகக் கட்டிவந்த பிறகு வாங்கினால் அது குறையும். அதுவரை நல்ல பழைய ஹோண்டா ஒன்றை ஓட்டட்டும். கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகு ஆடியைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: துபாயில் நான் ஓட்டிவரும் காரை, ஊர் திரும்பும்போது திருமங்கலத்துக்கே கொண்டுவர முடியுமா?

பதில்: முடியாது. அங்கே ஓடுவது இடப்பக்க ஸ்டியரிங் கார். இந்தியாவுக்குக் கொண்டுவரும் பழைய காருக்கு வலப்பக்க ஸ்டியரிங் இருக்க வேண்டும், தயாரித்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது. அந்த நிபந்தனைகளைத் தாண்டினாலும் சுங்க வரி காரின் மதிப்பையே மிஞ்சும். எனவே அங்கேயே விற்றுவிடுங்கள், ஆனால் கடைசி வாரத்துக்கு விட்டுவைக்காதீர்கள். விமானச் சீட்டு எடுப்பதற்கு இரண்டு மாதம் முன்பே விலை விசாரியுங்கள். வங்கிக் கடனை அடைத்து அடமானத்தை நீக்குங்கள். நிலுவையில் உள்ள அபராதங்களையும் சாலிக் எனும் சாலைக் கட்டணக் கணக்கையும் தீர்த்துக்கொள்ளுங்கள். பதிவு வாங்குபவர் பெயருக்கு மாறிய சான்றைக் கையில் வாங்கிய பிறகே சாவியைக் கொடுங்கள். நண்பரிடம் சாவியையும் ஒரு கையெழுத்தையும் கொடுத்துவிட்டு விமானம் ஏறியவர்களுக்கு, அவர் ஓட்டிய வேகத்துக்கான அபராதங்கள் மாதக்கணக்கில் தங்கள் பெயரிலேயே வந்துகொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.